சிகிச்சை முடிந்த மறுநாள்



சிகிச்சை முடிந்த ஒரு சகோதரர் சித்தூர் பேருந்து நிலையத்தில் இறங்குகிறார். கையில் மாத்திரைப் பை. வீட்டிற்குச் செல்லும் வழியில் ஒயின் ஷாப். வாசலில் பழைய நண்பர்கள். அந்தப் பத்து நிமிட நடையில் அவரோடு நடப்பவர் யார்?

குடியை நிறுத்துவது வேறு, நிறுத்திய நிலையில் நிலைத்திருப்பது வேறு. முதல் சில மாதங்களே மிகவும் ஆபத்தானவை. மேல்நாடுகளில் இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் ஊதியம் பெற்று, மீண்டவரோடு வீட்டிலேயே தங்குகிறார்கள். திருமணத்திற்கும் பயணத்திற்கும் உடன் செல்கிறார்கள். கூலி வேலைக்காகத் திருப்பதியில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு அது எட்டாத செலவு.

ஆயினும் நம் தேசத்திலும் வழி உண்டு. குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. வீடு திரும்பிய பின்னும் தொடர் கவனிப்பு உண்டு. மத்திய அரசின் நிதியுதவி பெறும் மறுவாழ்வு மையங்களில், போதையிலிருந்து மீண்ட ஒருவரையே வழிகாட்டியாகப் பணியமர்த்த விதி இருக்கிறது. 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டுறவில், முன்பு மீண்டவர் புதிதாக வந்தவருக்குத் துணை நிற்கிறார். கட்டணம் எதுவும் இல்லை.

மனைவி இதைச் செய்யலாகாதா என்று கேட்பீர்கள். அவள் அன்புள்ளவள்தான். ஆனால் வாயை முகர்ந்து, சட்டைப்பையைத் துழாவி, நாளடைவில் காவலராகிவிடுகிறாள். சிலர் குடியை வெறுக்கச் செய்யும் மாத்திரையைச் சாம்பாரில் இரகசியமாகக் கலக்கிறார்கள். ஐயோ, அதைச் செய்யாதிருங்கள்! அதன்மேல் அவர் குடித்தால் உயிருக்கே மோசம் வரலாம். மருத்துவர் சொல்லி, அவரும் அறிந்தே உட்கொள்ள வேண்டிய மருந்து அது.

நானும் தவறியிருக்கிறேன். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்த ஒருவருக்காக ஜெபித்து, "இன்றே விட்டுவிடுங்கள்" என்றேன். அவரும் கீழ்ப்படிந்தார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இப்படி நேரிடும் என்பதை அன்று ஒரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். வேதாகமக் கல்லூரியில் இதை எனக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை.

நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். காயங்களைக் கட்டியதோடு அவன் போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, திரும்பி வருவதாகவும் சொன்னான். அந்தப் பகுதியை நாம் அதிகமாகப் பிரசங்கிப்பதில்லை.

போதை மீட்பிற்கான தேசிய உதவி எண் 14446, கட்டணமில்லை. முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் திரும்பும் நாளில், மீண்ட சகோதரர் ஒருவரைப் பேருந்து நிலையத்திற்கு அனுப்புங்கள். மறுநாள் மாலை வேலை முடியும் நேரத்திலும் அவர் அங்கே நிற்கட்டும். கூலி கைக்கு வரும் சனிக்கிழமை தவறாமல் நிற்கட்டும்.