கண் வறட்சியும் தீராத வலியும்

கண் எரிகிறது, உறுத்துகிறது, மணல் அரிப்பதுபோல் இருக்கிறது. விளக்கைப் பார்த்தாலே கூசுகிறது. சொட்டு மருந்து விட்டுவிட்டு ஓய்ந்தாகிவிட்டது. பரிசோதனை செய்தவரோ, "கண்ணில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை" என்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னால், "பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு என்ன?" என்ற கேள்வி வருகிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கேள்வி இன்னும் எளிதாக எழும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. வெண்கோலோடு சாலையைக் கடப்பவர்களை அன்றாடம் பார்க்கும் ஊரில், கண் எரிச்சலைச் சொல்லிக்கொள்ளவே பலர் கூச்சப்படுவார்கள். ஆனால் வலியைப் பார்வையின் அளவுகோலால் அளக்க முடியாது. பார்வைப் பலகையின் கடைசி வரி வரை படிக்கிற ஒருவருக்குக் கண் நாள் முழுக்க வலிக்கலாம். அந்த வலி உண்மையானது.

நரம்பில் இருக்கும் வலி

கருவிழியின் மேல் மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தில் இரத்தக் குழாய் கிடையாது. ஆனால் உடலிலேயே நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக அமைந்த இடம் அதுதான். தோலைவிடப் பல நூறு மடங்கு நெருக்கம். அந்த நரம்புகளில் ஒரு வகை, கண்ணீர்ப் படலம் ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியை உணர்ந்து, "கண்ணீர் சுரக்கட்டும், இமை மூடட்டும்" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது.

கண்ணீர்ப் படலம் மாதக்கணக்கில் கிழிந்துகொண்டே இருந்தால் இந்த நரம்புகள் புண்படுகின்றன. பிறகு லேசான காற்றும் சாதாரண வெளிச்சமும்கூட வலியாகவே பதிவாகும். செய்தி போய்ச் சேரும் மூளைத் தண்டுப் பகுதியும் நாளடைவில் கூருணர்ச்சி அடைந்துவிட்டால், கண்ணின் மேற்பரப்பு ஆறிய பிறகும் வலி நிற்பதில்லை. 2017இல் உலகக் கண்ணீர்ப் படல ஆய்வுக் குழு கண் வறட்சிக்கு வகுத்த புதிய வரையறையில் நரம்புணர்வுக் கோளாறும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது. கண்ணின் வலிச் செய்தியைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பின் வழியாகத்தான் ஒற்றைத் தலைவலியின் வலிச் செய்தியும் செல்கிறது. அதனால் இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது வியப்பில்லை.

கையில் வைத்த சூடு

பிரிட்டனில் இரட்டையர்களாகப் பிறந்த 1,600க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2013இல் வெளியானது. முன்கையில் சிறிது சிறிதாகச் சூட்டை ஏற்றி, எந்த அளவில் வலிக்கத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். கண் வறட்சித் தொல்லை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த சூட்டிலேயே கை வலித்தது. சோதித்தது கையை, வேறுபாடு தெரிந்ததோ கண் தொல்லை உள்ளவர்களிடம்.

உடலெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, ஒற்றைத் தலைவலி, குடல் எரிச்சல் நோய், நீண்டநாள் இடுப்பு வலி ஆகியவை உள்ளவர்களிடம் கண் வறட்சி அதிகமாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எது எதற்குக் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. வலியை உணரும் அமைப்பே ஒருவரிடம் கூர்மையாகிவிட்டால், அது கண்ணிலும் முதுகிலும் வயிற்றிலும் தெரியலாம் என்பதே இதன் பொருள்.

கண் வறட்சியும் உடல் வலியும் சேர்ந்து வர வேறொரு வழியும் உண்டு. கண்ணும் வாயும் வறண்டு, மூட்டும் வலித்தால் ஷோகிரென் நோயா என்று பார்க்க வேண்டும். 1933இல் இதை விரிவாக எழுதிய ஸ்வீடன் கண் மருத்துவரின் பெயரே இந்த நோய்க்கு வழங்குகிறது. நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்தச் சுரப்பிகளையே தாக்கும் நோய் இது. பெண்களையே பெரும்பாலும் பிடிக்கிறது. முடக்குவாதத்தோடு சேர்ந்தும் வரும்.

மாத்திரையும் வறட்சியும்

நரம்பு வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின் கண்ணீரையும் உமிழ்நீரையும் குறைக்கக்கூடியது. சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் அப்படியே. இவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருந்து தந்தவரிடம் கண் எரிச்சலைச் சொன்னால், அளவைக் குறைக்கவோ மாற்று தரவோ அவரால் முடியும்.

நம் காற்று, நம் சர்க்கரை

காலையில் கிள்ளானிலிருந்து கம்யூட்டரில் ஏறினால், ரயிலில் குளிர்சாதனம், அலுவலகத்தில் குளிர்சாதனம், இடையில் கைப்பேசி. திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்குப் புகைமூட்டம். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். 2015லும் 2019லும் பள்ளிகளை மூடினார்கள். புகை நாள்களில் காண்டாக்ட் லென்ஸைத் தவிர்த்துக் கண்ணாடி அணியுங்கள். குளிர்காற்று முகத்தில் நேரே அடிக்காதபடி இருக்கையை மாற்றுங்கள்.

சர்க்கரை நோயில் ஆபத்து நேர்மாறானது: வலி கூடுவதில்லை, மறைந்துபோகிறது. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கும் இந்தியர்களில் 31 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கும் சர்க்கரை உயர்ந்திருந்தது. நாள்பட்ட சர்க்கரை கண்ணின் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். கண் வறண்டு புண்ணாகியிருந்தாலும் வலி தெரியாது. வலிக்கவில்லையே என்று இவர்கள் ஆண்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவரிடம் என்ன சொல்வது

கண் மருத்துவரிடம் கண்ணைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். மூட்டுக்கு ஒரு வரிசை, தலைவலிக்கு ஒரு வரிசை, கண்ணுக்கு ஒரு வரிசை என்று நிற்பதால் இந்த மூன்றும் ஒரே தாளில் எழுதப்படுவதே இல்லை. அந்தத் தாளை நோயாளியே எழுதிக்கொண்டு போகலாம்: எங்கெல்லாம் வலி, எத்தனை ஆண்டுகளாக, தூக்கம் எப்படி, என்னென்ன மாத்திரை. அரசு கிளினிக்கில் காட்டிப் பரிந்துரைக் கடிதம் பெற்று, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ போகும்போது அது கையில் இருக்கட்டும்.

இமையோரம் காகிதப் பட்டையை 5 நிமிடம் வைத்துக் கண்ணீர் சுரப்பை அளப்பார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் சுரப்பு போதவில்லை. சாயமிட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்றும் பார்ப்பார்கள். இவை சரியாக இருந்தும் வலித்தால் இன்னொரு சோதனையைக் கேட்டுப் பாருங்கள். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை மருத்துவர் ஒருமுறை விடுவார். வலி அடங்கினால் அதன் காரணம் கண்ணின் மேற்பரப்பில் இருக்கிறது. அடங்காவிட்டால் உள்ளே நரம்பு மண்டலத்தில் தேட வேண்டும். அங்கே செயற்கைக் கண்ணீர் மட்டும் போதாது. மரத்துப்போகச் செய்யும் அந்த மருந்தை வாங்கி வீட்டில் விடக் கூடாது, அது கருவிழிப் படலத்தையே அரித்துவிடும்.

அடிக்கடி செயற்கைக் கண்ணீர் விடுபவர்கள் பதப்பொருள் சேராததை வாங்குவது நல்லது. சிவப்பைப் போக்கும் சொட்டுகளை நாள்கணக்கில் விடாதீர்கள். தாய்ப்பால், பன்னீர், பூச்சாறு எதையும் கண்ணில் ஊற்ற வேண்டாம். பார்வை திடீரென மங்கினாலோ, ஒரு கண் மட்டும் சிவந்து கடுமையாக வலித்தாலோ, லென்ஸ் அணிபவருக்குக் கண்ணில் சீழ் கட்டினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.