தீப்பெட்டிக்குள் ஒரு டிசம்பர்

ஒரு தீப்பெட்டிக்குள் எதெல்லாம் அடங்கும்? இரண்டு கோலிக்குண்டு அடங்கும். ஒரு குட்டி ரப்பர், நாலாய் மடித்த கடிதம், தட்டையாக இருந்தால் ஒரு சாக்லேட். நவம்பர் கடைசி வாரத்தில், பிள்ளைகள் தூங்கிய பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடும் பெற்றோர் ஜெர்மனியில் ஏராளம். காலித் தீப்பெட்டிகள் இருபத்து நான்கைச் சேர்த்து, அடுக்கி ஒட்டி, வண்ணத்தாள் சுற்றி, முகப்பில் 1 முதல் 24 வரை எண் எழுதினால் குட்டிக் குட்டி இழுப்பறைகள் கொண்ட ஓர் அலமாரி தயார். டிசம்பர் 1 காலையில் பிள்ளை பல் துலக்குவதற்கு முன்பே முதல் இழுப்பறையை இழுத்துவிடும். அட்வென்ட் காலண்டர் என்பது இதுதான்.

‘அட்வென்ட்’ என்றால் வருகை. லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய காத்திருப்புக் காலத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்கிறார்கள். திருச்சபைக் கணக்கில் அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். ஆகவே ஆண்டுக்கு ஆண்டு 22 நாள் முதல் 28 நாள் வரை நீளும். இந்தச் சிக்கலெல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றுதான் காலண்டர் டிசம்பர் 1 இல் தொடங்குகிறது. முடிவது ஏன் 25 இல் அல்லாமல் 24 இல்? ஜெர்மனியில் பரிசுகளைப் பிரிப்பது 24 ஆம் தேதி மாலையில். அதற்குப் பிறகு எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

எண்ணுவதற்கு ஆரம்பத்தில் காசு செலவில்லாத வழிகளே இருந்தன. 19 ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் வீடுகளில் கதவின் மேல் சுண்ணக்கட்டியால் 24 கோடு போட்டுவைப்பார்கள். பிள்ளை தினம் ஒன்றை அழிக்கும். சில வீடுகளில் குழந்தை இயேசுவின் தொட்டிலில் நாளுக்கொரு வைக்கோல் துரும்பு. 1839 இல் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை நட்டார். ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை வத்தி நான்கு, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு வத்திகள். “இன்னும் எத்தனை நாள்?” என்று துளைத்தெடுத்த பிள்ளைகளிடம், எரியாத வத்திகளை எண்ணிக்கொள்ளச் சொன்னால் போதும்.

எண்ணுவதோடு தின்பதையும் சேர்த்தது ஓர் அம்மா. மௌல்பிரான் என்ற ஊரில் 1881 இல் பிறந்த கெர்ஹார்ட் லாங் ஒரு போதகரின் மகன். அவனுடைய நச்சரிப்பு தாங்காமல் அம்மா ஓர் அட்டையில் 24 கட்டம் போட்டு, கட்டத்துக்கொரு பிஸ்கட்டை ஊசிநூலால் தைத்துக் கொடுத்தார். தினம் ஒன்றைப் பிய்த்துத் தின்னலாம். அந்த பிஸ்கட்டின் பெயர் விபெலே. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, மாவு கலந்து, எட்டு என்ற எண்ணின் வடிவில் இரண்டு பொட்டுகளாக வைத்து, காயவிட்டுச் சுடுவது. நீளம் இரண்டு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். வாயில் போட்டால் இரண்டு கடி. ஒரு பையன் அதற்காக ஒரு முழு நாள் காத்திருந்தான் என்றால் அது பிஸ்கட்டின் ருசிக்காக மட்டும் இருக்க முடியாது.

வளர்ந்ததும் லாங் மியூனிக் நகரில் அச்சகப் பங்குதாரரானார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அச்சிட்ட முதல் காலண்டரில் இரண்டு தாள்கள்: ஒன்றில் வெட்டியெடுக்க 24 படங்கள், இன்னொன்றில் அவற்றை ஒட்ட 24 கட்டங்கள். திறக்கும் கதவுகள் 1920 வாக்கில் வந்தன. அட்டையால் ஆன வீட்டுக்குள் சாக்லேட் நிரப்பும் வகையையும் அவர் செய்து பார்த்தார். 1930களின் முடிவில் அந்தத் தொழில் படுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர், கிடைத்த காகிதத்தை வைத்து 1946 இல் ஒரு குட்டி நகரத்தைக் காலண்டராக அச்சிட்டார். 1953 இல் அமெரிக்க அதிபர் ஐசனோவரின் பேரப்பிள்ளைகள் செல்மரின் காலண்டரைத் திறக்கும் படம் பத்திரிகையில் வர, அமெரிக்காவும் வாங்கத் தொடங்கியது. பிரிட்டனில் கேட்பரி நிறுவனம் 1971 இல் சாக்லேட் காலண்டரை இறக்கியது. இன்று வாசனைத் திரவியம், பீர், நாய் பிஸ்கட் வரை எல்லாவற்றுக்கும் 24 கதவு உண்டு. அதை விட்டுவிடலாம். வீட்டில் செய்வதில்தான் விஷயம் இருக்கிறது.

வீட்டுக் காலண்டரில் உள்ளே போகும் பொருளைத் தீர்மானிப்பது கொள்கலன். தீப்பெட்டி அலமாரி என்றால் எல்லாம் விரலளவுதான். கயிற்றில் துணி கிளிப் போட்டு 24 சுருக்குப்பைகளைத் தொங்கவிட்டால் ஒரு கமலா ஆரஞ்சு போகும், ஒரு ஜோடிக் காலுறை போகும். காகிதச் சுருளின் நடுவிலிருக்கும் அட்டைக்குழாய்க்குள் பென்சில்களும் சுருட்டிய படமும் நிற்கும். மிகப் பழைய தந்திரம் ஒன்று உண்டு: வால்நட்டை உடையாமல் இரண்டாகப் பிளந்து, பருப்பை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு மணியோ துண்டுச் சீட்டோ வைத்து மறுபடி ஒட்டி, மேலே பொன்வண்ணம் பூசுவது. உடைத்துப் பார்க்கும்வரை பிள்ளைக்கு அது வெறும் கொட்டைதான்.

தின்பண்டம் என்றால் மார்சிபான் உருளைக்கிழங்கு முதலில் வரும். பாதாம் விழுதையும் சர்க்கரையையும் சேர்த்து உருட்டி, கோகோ தூளில் புரட்டிய உருண்டை அது. மண் ஒட்டிய கிழங்கு போலவே இருக்கும். ஆனால் 24 நாளும் இனிப்பு வைப்பது சோம்பேறித்தனம். ஐந்தாம் நாளே பிள்ளைக்கு விடை தெரிந்துபோகும். ஸ்டிக்கர், முடி கிளிப், பூதக்கண்ணாடி, பூ விதை, வெளிநாட்டுத் தபால்தலை, விரல் பொம்மை என்று மாற்றி மாற்றி வைப்பதே கைதேர்ந்தவர்களின் வழி.

எல்லா நாளும் ஒரே எடையில் இருக்கவும் கூடாது. டிசம்பர் 4 பார்பரா திருநாள். அன்று செர்ரி மரக் கிளையை வெட்டித் தண்ணீரில் வைத்தால் கிறிஸ்துமஸுக்குப் பூக்கும் என்பது வழக்கம். அன்றைய பெட்டியில் ஒரு சின்ன ரிப்பனும், “கிளை வெட்டப் போகலாம்” என்ற சீட்டும் போதும். டிசம்பர் 6 நிக்கோலஸ் திருநாள். முந்தைய இரவே பிள்ளைகள் பூட்சைத் துடைத்து வாசலில் வைத்துவிடுவார்கள். விடிந்தால் அதில் கொட்டையும் பழமும் சாக்லேட்டும் இருக்கும். அதனால் காலண்டரின் ஆறாம் பெட்டி அடக்கமாக இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை. தொடராக வரும் பொருள்களுக்குத் தனி மவுசு. குடிலுக்கான உருவங்களைத் தினம் ஒன்றாக வைத்தால் முதலில் ஆடு, பிறகு மாடு, மேய்ப்பர் எனச் சேர்ந்து 24 அன்று குழந்தை வரும். ஒரு கதையை 24 துண்டாக வெட்டி வைப்பவர்களும் உண்டு. ஜிக்சா புதிரைப் பிரித்து வைக்கும் யோசனை மட்டும் கேட்க நன்றாக இருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு முதல் வாரம் முழுக்க வானத்தின் நீலத் துண்டுகளே கிடைத்தால் எட்டாம் நாள் அது புதிரைக் குப்பையில் போட்டிருக்கும்.

எல்லாவற்றிலும் மலிவானது சீட்டு. “இன்று அரை மணி நேரம் கூடுதலாக விழித்திருக்கலாம்.” “இன்று மாலை பிஸ்கட் சுடுகிறோம்” என்ற சீட்டோடு நட்சத்திர வடிவ வெட்டு அச்சு ஒன்றையும் வைத்தால், பிள்ளை நாள் முழுக்க அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரியும். இதில் ஒரு பொறி இருக்கிறது. அலுவலகம் முடிந்து எட்டு மணிக்கு வரும் அப்பா எழுதிய சீட்டு அன்று நிறைவேறாது.

அதன் விலையை ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு, நல்ல வண்ணக்குச்சிகள் தருவதாகச் சொன்ன ஆள் சொன்னபடி கொண்டுவந்தார். மறு பாதிக்கு வெறுங்கையோடு வந்தார். பிறகு எல்லோருக்கும் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய் கொடுத்து, 15 நிமிடம் தின்னாமல் இருந்தால் இன்னொன்று என்றார்கள். ஏமாறாதவர்கள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். 2013 இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தவர் எந்தப் பெட்டியையும் காலியாக விடமாட்டார். பிள்ளையின் பொறுமை, பெட்டியை நிரப்பியவரின் நாணயத்தில் நிற்கிறது.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் கணக்கு மாறும். பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். எந்தப் பொருள் அதற்குள் முழுதாக அடங்குகிறதோ அது தொண்டையில் சிக்கக்கூடியது. கோலிக்குண்டு, முழு முந்திரி, பாசிமணி எல்லாம் அதில் அடங்கிவிடும். மின்னும் பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பேட்டரி எந்த வயதுக்கும் வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். குட்டிக் காந்தங்கள் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடல் சுவர்களுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போடும்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் ஒற்றைப்படை நாள் ஒருவருக்கு, இரட்டைப்படை நாள் மற்றவருக்கு. ஆளுக்குப் பன்னிரண்டு, நியாயமான பங்கீடு. 24 இரட்டைப்படை என்பதை இளையது கண்டுபிடிக்கும் வரை.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் கெங்கன்பாக் என்ற ஊர் இந்தக் காலண்டரை ஊருக்கே ஒன்றாகச் செய்கிறது. அங்கே நகரமன்றக் கட்டடத்தின் முகப்பில் சரியாக 24 சன்னல்கள். 1996 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் மாலைதோறும் ஒரு சன்னல் திறக்கிறது. உள்ளே விளக்கொளியில் ஒரு படம். பார்க்க வெளியூர்க் கூட்டமும் வருகிறது.

இந்த ஆண்டு செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் பெட்டிகளைச் செய்துவிட்டு, ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பொருளை முதலில் வாங்கியவர்கள் வீட்டில், தீப்பெட்டிக்குள் நுழையாத பொம்மைகள் ஒரு பை நிறைய மிச்சம் கிடக்கும்.