உங்களுக்குத் தெரியுமா? பின்பாதியில்தான் ஆள் இருக்கிறார்!
2019 நவம்பரில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதையொட்டி, இந்தியர் பலர் பல சேவையகங்களாக இயங்கும் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ஒரு முகவரியில் இரண்டு '@' குறிகள் உண்டு. முதல் குறியை மென்பொருள் நீக்கிவிடும். அடுத்த குறிக்கு முன்னிருப்பது பயனர்பெயர், பின்னிருப்பது சேவையகத்தின் களப்பெயர். பிறகு வெப்ஃபிங்கர் என்ற நெறிமுறையின்படி, இப்பெயரில் கணக்கு உண்டா என்று அந்தக் களத்திடமே கேட்கும்.

ஆகவே ஆளுக்குச் சான்று களப்பெயரே. 'ஏசி.இன்' என முடியும் களங்களை எர்நெட் அமைப்பு கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத்தான் வழங்குகிறது. கேரளத்தின் விதுராவிலுள்ள ஐசர் அறிவியல் கல்வி நிறுவனத்தின் களமும் அத்தகையதே. அந்தக் களத்தில் கணக்குத் திறக்க நிறுவனத்தின் இசைவு வேண்டும். முன்பாதிப் பெயரையோ, பதிவு திறந்திருக்கும் வேறொரு சேவையகத்தில் யாரும் பதிந்துகொள்ளலாம். முகவரி நீளம், பின்பாதியை விட்டுவிடலாமே என்பார்கள். ஒரே சேவையகத்துக்குள் அது சரிதான்; மாஸ்டடானே அங்கே சுருக்கித்தான் காட்டுகிறது. ஆனால் அந்தச் சுருக்கத்தை நகலெடுத்து வேறொரு சேவையகத்தில் இட்டால், அதே பெயருள்ள முற்றிலும் வேறொருவரை அது சுட்டிவிடக்கூடும். பெயரைத் திருடி ஏமாற்ற நினைப்பவருக்கு அதுவே போதும்.