கணுவும் கணக்காய்வும்

பொதுப்பணத்தைக் கையாளும் சபை எதுவாயினும், கணக்கை எழுதுபவர் ஒருவராகவும் அதனை ஆய்பவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும் என்பது நாமெல்லாம் அறிந்த முறை. எழுதுபவர் நல்லவரல்லர் என்பது இதன் கருத்தன்று. நல்லவரையும் ஆராய்ந்தே நம்புதல் வேண்டும் என்பதே கருத்து. இம்முறையையே அடிப்படையாகக் கொண்டு எழுந்த நாணயம் பிட்கொயின். சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருடையார் 2008ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் திகதி இதன் திட்டத்தை வெளியிட்டார். 2009ஆம் ஆண்டு சனவரி 3ஆம் திகதியிட்ட முதற் கட்டத்தோடு இதன் பேரேடு தொடங்கிற்று.

இப்பேரேட்டுக்கு வங்கியுமில்லை, தலைமைக் கணக்கருமில்லை. கொடுக்கல் வாங்கல்கள் ஏறக்குறையப் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாகத் தொகுக்கப்பட்டு, முந்திய கட்டத்தோடு பிணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்தையும் பெற்று, அது விதிக்கு அமைந்ததோவெனத் தானே ஆராயும் கணினியைக் கணு என்பர். கணுவை நடத்துவோர்க்கு ஊதியமில்லை. அவர் நாணயம் வாங்கவேண்டும் என்பதுமில்லை. பிறர் சொல்லை நம்பியிராது கணக்கைத் தாமே அறிதலே பயன்.

அவ்வாய்வின் வலிமையை 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் திகதி நிகழ்ந்ததொன்று காட்டும். மொத்தம் 2 கோடி 10 இலட்சத்துக்கு மேற்படலாகாத அந்நாணயம், செய்நிரலிலிருந்த ஒரு குறையினால், 74,638ஆம் கட்டத்தில் மாத்திரம் 18,400 கோடிக்கு மேலாகத் தோன்றிற்று. சில மணி நேரத்துள் திருத்திய செய்நிரல் வெளிவந்தது. அதனை ஏற்ற கணுக்கள் அக்கட்டத்தை மறுத்தன, பொய்க்கணக்கும் ஒழிந்தது.

இனி, கணுவொன்றை அமைக்கும் வகையை நோக்குவாம். படங்களைத் தொட்டு இயக்காது, கட்டளைகளை எழுத்தால் ஒவ்வொரு வரியாக இட்டு இயக்கும் முறையே ஈண்டுக் கொள்ளப்படுவது. முழுப் பேரேட்டையும் வைத்திருக்க 600 கிகாபைற்றுக்கு மேற்பட்ட இடம் வேண்டும். அவ்வளவு இடமில்லாதோர், பழைய கட்டங்களை ஆய்ந்தபின் அழித்துவிடுமாறு பணிக்கலாம். கட்டங்களுக்கு 550 மெகாபைற்று ஒதுக்கினும் அமையும். ஆயினும் அனைத்தையும் ஒருமுறை இறக்கியே ஆகவேண்டும். அதற்குப் பல நாட் செல்லக்கூடும்.

பேரேட்டை ஆய்வதற்கு முன் ஆயவேண்டியது செய்நிரலையே. பிட்கொயின் கோர் என்னும் செய்நிரலை இறக்கியவுடன், அதன் எஸ்.எச்.ஏ.-256 அடையாளத்தை நம் கணினியிலேயே கணித்தல் வேண்டும். அது 64 குறிகளாலாயது. கோப்பில் ஓரெழுத்து மாறினும் முற்றும் வேறாகிவிடும். அதனை வெளியீட்டாளரின் பட்டியலோடு ஒப்பிடுக. செய்நிரலை மாற்றிய கள்வன் பட்டியலையும் மாற்றியிருக்கலாமன்றோ? ஆதலின், பட்டியலில் ஆக்கியோர் பலர் இட்ட இலத்திரனியற் கையொப்பங்களை, வேறிடத்திற் பெற்ற அவர்தம் பொதுத் திறப்புகளைக் கொண்டு, ஜி.பி.ஜி. என்னும் கருவியாற் சோதித்தல் வேண்டும்.

இது வீண் எச்சரிக்கையன்று. 2019ஆம் ஆண்டு நவம்பரில், மொனேரோ என்னும் பிறிதொரு நாணயத்தின் இணையத்தளத்திற் கள்வர் புகுந்து, கட்டளை வரியில் இயங்கும் செய்நிரலுக்குப் பதிலாக, பணத்தைத் திருடும் போலியொன்றை வைத்தனர். இறக்கியவருள் ஒருவர் அடையாளத்தை ஒப்பிட்டுப் பொருந்தாமை கண்டு அறிவித்தமையால் வஞ்சகம் வெளிப்பட்டது. ஒப்பிடாது இயக்கிய ஒருவரோ தம் பணத்தை இழந்ததாக முறையிட்டார்.

சோதனை முடிந்தபின் ‘பிட்கொயின்டி’ எனும் கட்டளையாற் கணுவை இயக்கலாம். ‘பிட்கொயின்-சி.எல்.ஐ.’ என்பதனோடு ‘கெற்புளொக்செயின்இன்போ’ எனச் சேர்த்து இட்டால் கணு தன் நிலையைக் கூறும். தலைப்புகளின் தொகையும் ஆய்ந்த கட்டங்களின் தொகையும் ஒத்து, ஆய்வின் அளவு ஒன்றை அணுகி, முதலிறக்கம் முடிந்தது எனக் காட்டின், கணு ஏனையவற்றோடு சமமாக நிற்கின்றதெனக் கொள்ளலாம்.

இங்கும் ஒன்றைக் குறித்தல் தகும். விரைவு கருதி, செய்நிரலிற் குறித்த ஒரு கட்டத்துக்கு முற்பட்டனவற்றின் கையொப்பங்களைக் கணு வழக்கமாகச் சோதிப்பதில்லை. அவற்றையும் சோதிக்க விரும்புவோர் ‘அசியூம்வலிட்’ என்பதைச் சுழியமாக வைத்துத் தொடங்குதல் வேண்டும். பின்னர் ‘கெற்ரிஎக்ஸ்அவுற்செற்இன்போ’ என வினவினால், செலவாகாதுள்ள நாணயம் முழுவதையும் கணுவே கூட்டிச் சொல்லும். நிறுத்தும்போது ‘ஸ்ரொப்’ எனக் கட்டளையிட்டே நிறுத்துக. மின்சாரத்தைத் திடீரென அறுத்தால் ஏடு பழுதுறலாம்.

இந்நாணயம் நிலைக்குமா, அதனை வாங்குதல் தகுமா என்பன வேறு வினாக்கள். கணுவின் பாடமோ எவர்க்கும் உரியது. பெரியோர் சொன்னாரென்றோ, பலர் கொண்டாரென்றோ ஒரு கணக்கை ஏற்காது, தொடக்கத்திலிருந்து தாமே கூட்டிப் பார்த்து ஏற்கும் பழக்கம் எம் மாணவரிடத்து வேரூன்றுமாயின், அவர் எத்துறையிற் சென்று அமர்ந்தாலும் அவரிடம் ஒப்புவித்த பணம் பழுதுறாது.