மீன் தொட்டிக்கு வேண்டாம் இந்த அழகு! பட்டாம்பூச்சி மீனின் கதை

கூரம், காஞ்சிபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கோர்வைப் பட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உடல் ஒரு நிறம், கரை அதுக்கு நேர் எதிரா இன்னொரு நிறம். அதே மாதிரி ஒரு 'டிசைன்' நம்ம மன்னார் வளைகுடாவுல நீந்திக்கிட்டு இருக்கு. காபிப்பொடி நிற உடம்பு, கண்ணுக்குப் பின்னாடி ஒரு வெள்ளைப் பட்டை, பளிச்சுனு சிவப்பு வால். இதுதான் சிவப்பு வால் பட்டாம்பூச்சி மீன். அறிவியல் பெயர், கீட்டோடான் கொலாரே. முழுசா வளர்ந்தாலும் ஒரு சாணுக்குள்ளதான், சுமார் 18 செ.மீ.

பல்லா, பிரஷ்ஷா?

'கீட்டோடான்' என்றால் கிரேக்கத்தில் 'முடி போன்ற பல்' என்று அர்த்தம். சின்ன வாய், அதுக்குள்ள பிரஷ் மாதிரி நெருக்கமான மெல்லிய பற்கள். பவளப்பாறையில் வாழும் குட்டிக் குட்டிப் பவள உயிரிகளைக் கொத்தித் தின்ன இதுதான் கருவி. உடம்பும் தட்டு மாதிரி தட்டையா இருக்கிறதால, பாறை இடுக்குகளில் சட்டுனு திரும்பி நுழைஞ்சிடும். ராத்திரி தூக்கமும் அங்கேதான்.

முகம் ஏன் கறுப்பு? வேட்டையாடும் மீன்கள் பெரும்பாலும் கண்ணைப் பார்த்துதான் குறிவைக்கும். கறுப்புக்குள்ள கண் மறைஞ்சிட்டா, குறி தப்ப வாய்ப்பு அதிகம் என்பது விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம்.

ஜோடி வாழ்க்கை

பட்டாம்பூச்சி மீன் குடும்பத்தில் சுமார் 130 இனங்கள் இருக்கு. அதில் பல இனங்கள் ஜோடியாவே சுத்தும். சில இனங்களில் ஒண்ணு எல்லையைக் காவல் காக்க, இன்னொண்ணு நிம்மதியா சாப்பிடும். நம்ம சிவப்பு வால் மீன் ஜோடியாகவும் இருக்கும், பெருங்கூட்டமாகவும் திரியும்.

இந்தக் குடும்பத்து மீன்கள் முட்டைகளைக் கூட்டில் வைக்காது, தண்ணீரில் விட்டுடும். பொரிக்கிற குஞ்சுகளுக்குத் தலையைச் சுத்தி எலும்புத் தகடுகள், ஹெல்மெட் போட்ட மாதிரி! வாரக்கணக்கில் கடலில் மிதந்து, அப்புறம்தான் பாறைக்கு வந்து குடியேறும்.

பாறை போனால் மீனும் போகும்

சிக்கல் இங்கேதான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா உருவானது. ஆனா, பல வருஷமா அங்கே சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தாங்க. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற ரெண்டு தீவுகள் கடலில் மூழ்கியே போச்சு.

வெட்டுறது நின்ன பிறகும் சூடு விடலை. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால், பவளத்துக்குச் சாப்பாடு தயாரிச்சுத் தரும் நுண்பாசிகள் வெளியேறிடும். பவளம் வெளுத்து, சூடு தணியலைன்னா பட்டினியில் செத்துடும். 1998, 2010, 2016 என மன்னார் வளைகுடா இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கு. பவளத்தை மட்டுமே நம்பி வாழும் பட்டாம்பூச்சி மீன்கள் அடுத்து குறைய ஆரம்பிக்கும். அதனாலதான் பாறை நலமா இருக்கான்னு தெரிஞ்சுக்க, ஆய்வாளர்கள் இந்த மீன்களை எண்ணிப் பார்க்கிறாங்க.

நீங்க என்ன பண்ணலாம்?

* 'கலரா இருக்கே'ன்னு தொட்டிக்கு வாங்காதீங்க. பவளம் தின்று பழகிய மீன், கடை உணவைத் தொடாமல் மெலிஞ்சே செத்துப்போகலாம்.

* டூர் போகும்போது பவளத் துண்டுகளை வாங்கவோ, எடுத்து வரவோ வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கு.

* ஸ்நார்கலிங் போனா, பவளத்து மேல காலை ஊன்றாதீங்க. நீங்க மிதிக்கிறது கல் இல்லை, உயிர்.

கோர்வைப் பட்டு கிழிஞ்சா, தறியில் இன்னொண்ணு நெய்துக்கலாம். பவளப்பாறை பல இனங்களில் வருஷத்துக்குச் சில செ.மீ. கூட வளராது. அதை நம்பித்தான் இந்தச் சிவப்பு வால் இருக்கு!