13 கி.மீ. தூரத்தில் 2 பல்கலைக்கழகம்: எல்லை மாறினால் கல்லூரி வீரர்கள் கதி என்ன?

அரக்கோணம்,

அரக்கோணத்தில் இருந்து திருத்தணிக்கு ரெயிலில் 13 கி.மீ. தூரம்தான். உட்கார இடம் பிடிப்பதற்குள் ஊர் வந்து விடும்.

ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாக கபடி ஆடிய 2 நண்பர்கள் பிளஸ்-2 முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அரக்கோணத்தில் உள்ள கலைக்கல்லூரியில் சேருகிறார். இன்னொருவர் திருத்தணி அரசு கலைக்கல்லூரியில் சேருகிறார். அன்றோடு 2 பேரும் வேறு வேறு அணி.

அரக்கோணம் மாணவர் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்காக ஆட வேண்டும். திருத்தணி மாணவர் சென்னை பல்கலைக்கழகத்துக்காக ஆட வேண்டும். தென்மண்டல போட்டியில் 2 பேரும் எதிர் எதிரே நின்று "கபடி கபடி" பாடினாலும் ஆச்சரியப்படுவதற்கு இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சென்னைக்கு பக்கத்தில் இருப்பது அரக்கோணம்தான். சென்டிரலில் இருந்து 69 கி.மீ. மின்சார ரெயில் ஏறினால் போதும். அதையும் தாண்டி இருக்கும் திருத்தணிக்கு சென்னை பல்கலைக்கழகம். முன்னால் இருக்கும் அரக்கோணத்துக்கு வேலூர் பல்கலைக்கழகம். காட்பாடிக்கு ரெயிலில் 61 கி.மீ. போய், அங்கிருந்து பஸ் பிடித்து சேர்க்காடு போக வேண்டும்.

கோடு போட்டது யார்?

இது விளையாட்டை பார்த்து போட்ட கோடு இல்லை. மாவட்ட எல்லையை பார்த்து போட்ட கோடு.

திருத்தணி 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி ஆந்திராவில் இருந்து தமிழகத்தோடு சேர்ந்தது. சேர்ந்தது செங்கல்பட்டு மாவட்டத்தில். அதில் இருந்து பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இப்போதும் இருக்கிறது. அரக்கோணமோ வடஆற்காடு மாவட்டம். பிறகு அது வேலூர் மாவட்டம் ஆனது.

2002-ம் ஆண்டு வரைக்கும் இந்த வித்தியாசம் கல்லூரி மாணவர்களுக்கு தெரியவில்லை. 2 ஊருமே சென்னை பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் சென்னை பல்கலைக்கழகத்தை பிரித்து திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் ஆகிய 4 மாவட்ட கல்லூரிகள் அதற்கு போயின. அரக்கோணம் அந்த பக்கம் போனது. திருத்தணி இந்த பக்கம் நின்றது.

பட்டத்தில் எந்த பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் என்ன, படிப்பு ஒன்றுதானே என்று சொல்பவர்கள் உண்டு. படிப்புக்கு அது சரியாக இருக்கலாம். விளையாட்டுக்கு அப்படி இல்லை.

பாரம்-3 என்றால் என்ன?

கல்லூரி மாணவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கல்லூரி பெயரில் அகில இந்திய போட்டிக்கு போக முடியாது. கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டியில் ஆட வேண்டும். அதில் கண்ணில் பட்டு பல்கலைக்கழக அணிக்கு தேர்வாக வேண்டும். அந்த அணிதான் இந்திய பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் தென்மண்டல போட்டிக்கு போகும். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலுங்கானா, புதுச்சேரி என்று எல்லா பக்கத்து அணிகளும் அங்கே வரும். முதலில் நாக்-அவுட். கடைசி 4 அணிக்கு லீக். அந்த 4 அணியும் அகில இந்திய போட்டிக்கு போகும். அங்கே முன்னணியில் வரும் அணிகளுக்கு 2020-ம் ஆண்டு புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு இருக்கிறது.

இப்படி பல்கலைக்கழக அணியில் ஆடியவருக்கு கொடுக்கும் சான்றிதழ்தான் பாரம்-3. பாரம்-1 என்பது நாட்டுக்காக ஆடியவருக்கு. பாரம்-2 என்பது மாநிலத்துக்காக ஆடியவருக்கு. பள்ளிக்கூட அளவில் ஆடியவருக்கு பாரம்-4. ஏழை வீட்டு கல்லூரி பையனுக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது பாரம்-3 தான்.

அந்த ஒரு பேப்பரை வைத்துத்தான் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனு போட முடியும். தமிழக போலீஸ் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் இது செல்லும்.

ரெயில்வே மட்டும் கொஞ்சம் கறார். வெறுமனே ஆடினால் பத்தாது. கல்லூரி வீரர்களை எடுக்கும்போது, அகில இந்திய பல்கலைக்கழக போட்டியில் குறைந்தது 3-வது இடம் என்பதை ஒரு தகுதியாக கேட்கிறார்கள். ரெயில்வே வேலையை நம்பியே பாதி ஊர் இருக்கும் அரக்கோணத்தில் இதன் மதிப்பு என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை.

சர்டிபிகேட் இல்லாமல் ஆட்டம் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம் என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

12 இடத்துக்கு எத்தனை பேர்?

இப்போது எல்லைக்கு வருவோம். கபடியில் ஒரு அணிக்கு 12 பேர். களத்தில் 7 பேர், வெளியே 5 பேர். பல்கலைக்கழகம் பெரியதோ சிறியதோ, ஆண்களுக்கு ஒரு அணி, பெண்களுக்கு ஒரு அணிதான்.

2002-க்கு முன்பு அரக்கோணம் மாணவர் அந்த 12-ல் ஒருவராக வரவேண்டும் என்றால் சென்னை நகரத்து பெரிய கல்லூரிகளோடு மோத வேண்டும். அங்கே விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கொடுத்து வெளிமாவட்ட வீரர்களையும் இழுத்து வைத்திருப்பார்கள். மைதானம், கோச், ஷூ எல்லாம் இருக்கும். தடகளத்திலும் அதே கதைதான். சென்னை பல்கலைக்கழகம் டாக்டர் ஏ.எல்.முதலியார் பெயரில் நடத்தும் தடகள போட்டி புகழ் பெற்றது. அதில் மெடல் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. திருத்தணி மாணவர்கள் இன்றைக்கும் அந்த கூட்டத்தில்தான் முண்ட வேண்டும்.

அரக்கோணம் பிரிந்து போனதும் புதிய பல்கலைக்கழகத்துக்கு என்று தனியாக 12 இடம் கிடைத்தது. சென்னை கல்லூரிகளின் தொல்லை இல்லை. எனவே பாரம்-3 வாங்குவதற்கான வாசல் கொஞ்சம் அகலமானது. இது நிச்சயமாக லாபம்.

நஷ்டம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அணிக்குள் நுழைவது சுலபம் ஆனால், அந்த அணி தென்மண்டலத்தில் 4-க்குள் வருவது கஷ்டம். எதிரே நிற்பது அதே சென்னை பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம் எஸ்.ஆர்.எம். போன்ற நிகர்நிலை பல்கலைக்கழகங்கள். இவை ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பவை. நல்ல வீரருக்கு இலவச சீட், ஹாஸ்டல், சாப்பாடு கொடுத்து ஆண்டு முழுவதும் ஒன்றாக பயிற்சி கொடுக்க அவர்களால் முடியும்.

கல்லூரிகளை இணைத்து நடத்தும் பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. ஒருவர் அரக்கோணத்தில் இருப்பார், ஒருவர் ஆரணியில் இருப்பார், ஒருவர் திருப்பத்தூரில் இருப்பார். தேர்வு முடிந்து கொஞ்ச நாள் முகாம் போட்டு கூட்டிப்போவார்கள். ஒருவர் பெயர் ஒருவருக்கு பழகுவதற்குள் மேட்ச் வந்து விடும். பாரம்-3 கைக்கு வரும். ரெயில்வே கேட்கும் 3-வது இடம் வராது.

2021-ல் மறுபடியும் வெட்டு

2002-ல் போட்ட எல்லையும் நிலைக்கவில்லை. விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் புதிய பல்கலைக்கழகம் அமைக்க 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் சட்டம் வந்தது. ஆட்சி மாறியது. அந்த பல்கலைக்கழகத்தை அண்ணாமலை பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா 2021 ஆகஸ்டு 31-ந்தேதி சட்டசபையில் நிறைவேறியது. அ.தி.மு.க. கடுமையாக எதிர்த்தது. தர்ணா நடந்தது. பெயர் பற்றி இரண்டு பக்கமும் நிறைய பேசினார்கள். விளையாட்டு மாணவர்கள் பற்றி பேச்சு எழுந்ததாக தெரியவில்லை.

முடிவு என்ன? விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்ட கல்லூரிகள் அண்ணாமலை பல்கலைக்கழகத்துக்கு போயின. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் மிச்சம் இருப்பது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை. பார்ப்பதற்கு 4 மாவட்டம். ஆனால் இதில் 3 மாவட்டம் பழைய வேலூர் மாவட்டமேதான்.

அரக்கோணம் மாணவருக்கு போட்டி மறுபடி குறைந்தது. ஆனால் கூட ஆடுவதற்கு கிடைக்கும் நல்ல ஆட்களும் குறைந்தார்கள். கல்லூரி குறைந்தால் மாணவர் எண்ணிக்கை குறையும். மாணவர்கள் கட்டும் விளையாட்டு கட்டணத்தில் பல்கலைக்கழகத்துக்கு போகும் பங்கும் குறையும். அணிக்கு ஜெர்சி, ரெயில் டிக்கெட், முகாம் செலவு எல்லாம் அதில் இருந்துதான் வரவேண்டும்.

அந்த பக்கம் சிதம்பரத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அண்ணாமலை பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது முதல் சிதம்பரம் வளாகத்து மாணவர்களை வைத்தே அணி எடுத்து வந்தது. இப்போது அதே 12 இடத்துக்கு பல மாவட்ட கல்லூரி மாணவர்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஒரு மசோதாவில் ஒரு ஊர் மாணவனுக்கு கதவு திறக்கிறது. இன்னொரு ஊர் மாணவனுக்கு நெரிசல் கூடுகிறது.

என்ஜினீயரிங் மாணவர்கள் இந்த கணக்கிலேயே வரமாட்டார்கள். எந்த மாவட்டமாக இருந்தாலும் அவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம். அதையும் 2007-ல் பிரித்தார்கள். சென்னை, கோவை, திருச்சி, நெல்லை என்று 4 ஆனது. பிறகு மதுரையும் சேர்ந்து 5 ஆனது. 2012-ல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கி விட்டார்கள். தனித்தனி பல்கலைக்கழகம் என்றால் தனித்தனி அணி. ஒன்றாக்கினால் ஒரே அணி. இடையில் படித்த மாணவர்கள் பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

மாவட்டம் பிரிந்ததில் லாபம்

பல்கலைக்கழக எல்லை ஒரு பக்கம் இருக்க, மாவட்ட எல்லையும் மாறியது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாக பிரிந்தது. அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு போனது.

இதில் விளையாட்டு மாணவர்களுக்கு லாபம்தான் அதிகம். முதல்-அமைச்சர் கோப்பை போட்டியில் 2023-ம் ஆண்டு கல்லூரி மாணவர்களுக்கும் தனி பிரிவு கொண்டு வந்தார்கள். முதலில் மாவட்ட அளவில் ஜெயிக்க வேண்டும். பழைய வேலூர் மாவட்டமாக இருந்திருந்தால் மொத்த பகுதிக்கும் ஒரே சாம்பியன்தான். இப்போது 3 மாவட்டத்துக்கு 3 சாம்பியன். வேலூர் நகர கல்லூரிகளோடு மோதாமலே மாநில போட்டிக்கு போகும் வழி அரக்கோணம் மாணவருக்கு கிடைத்தது. மாநில அளவில் தனிநபர் போட்டியில் தங்கம் வென்றால் பரிசு ரூ.1 லட்சம். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது சின்ன தொகை இல்லை.

அமெரிக்காவிலும் இதே கூத்து

எல்லையை மாற்றி விளையாடுவது நம்ம ஊரில் மட்டும் நடப்பது இல்லை. அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகள் பக்கத்து பக்கத்து மாநிலங்களாக சேர்ந்து கூட்டமைப்பு வைத்து ஆடுவார்கள். மேற்கு கடற்கரையில் 'பேக்-12' என்று 12 பல்கலைக்கழகம் கொண்ட கூட்டமைப்பு இருந்தது. கூடுதல் டி.வி. பணம் கிடைக்கிறது என்று ஒவ்வொருவராக வேறு கூட்டமைப்புக்கு தாவினார்கள். 2024 ஆகஸ்டில் 10 பேர் போய்விட்டார்கள். ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஆகிய 2 பல்கலைக்கழகம் மட்டும் நடுத்தெருவில் நின்றன.

கலிபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் இப்போது அட்லாண்டிக் கடற்கரை கூட்டமைப்பில் ஆடுகிறது. அதில் இருக்கும் பாஸ்டன் ஊருக்கு போய் ஆட வேண்டும் என்றால் 4 ஆயிரம் கி.மீ.க்கு மேல் பயணம். கால்பந்துக்கு பணம் கொட்டுகிறது, சரி. கூடவே போகும் வாலிபால், நீச்சல் மாணவர்களுக்கு பாடம் யார் நடத்துவது என்று அங்கேயும் சண்டை.

அங்கே தாவுகிற முடிவை பல்கலைக்கழகமே எடுக்கிறது. இங்கே அரக்கோணம் கல்லூரி நினைத்தாலும் சென்னை பக்கம் தாவ முடியாது. சட்டசபையில் சட்டம் திருத்தினால்தான் உண்டு.

அடுத்தது என்ன?

2025 அக்டோபரில் இன்னொரு மசோதா வந்தது. ஏற்கனவே நடக்கும் தனியார் கல்லூரிகளே பல்கலைக்கழகமாக மாற வழி செய்யும் தனியார் பல்கலைக்கழக திருத்த மசோதா அது. ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. அதை திரும்ப பெற்று மறு ஆய்வு செய்வதாக அப்போது உயர்கல்வி அமைச்சராக இருந்த கோவி.செழியன் அறிவித்தார்.

அந்த மாதிரி ஒரு சட்டம் என்றைக்காவது வந்தால், பணம் உள்ள கல்லூரிகள் தனியாக அணி எடுத்து நேராக தென்மண்டலத்துக்கு போகும். நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போய் சேருவார்கள். பழைய பல்கலைக்கழகத்தில் மிச்சம் இருக்கும் கல்லூரி மாணவர்களுக்கு அணியில் இடம் சுலபமாக கிடைக்கும், பாரம்-3 கிடைக்கும். தென்மண்டலத்தில் முதல் ரவுண்டு தாண்டுவதுதான் பெரிய பாடாக இருக்கும்.

இந்த ஆண்டு கல்லூரியில் சேரும் மாணவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். சேரும்போதே அந்த கல்லூரி எந்த பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, தங்கள் விளையாட்டுக்கு அந்த பல்கலைக்கழகம் அணி அனுப்புகிறதா என்று உடற்கல்வி இயக்குனரிடம் கேட்டு தெரிந்துகொள்வது நல்லது. எல்லா பல்கலைக்கழகமும் எல்லா விளையாட்டுக்கும் அணி அனுப்புவது இல்லை. வயது வரம்பு 25. வயது சான்று, பிளஸ்-2 மார்க் ஷீட், கல்லூரி அடையாள அட்டை எல்லாம் தகுதி படிவத்தோடு வைக்க வேண்டி இருக்கும். மேட்ச் முடிந்து ஊர் திரும்பியதும் சான்றிதழை கையில் வாங்கி, அதில் பெயர், இனிஷியல், ஆண்டு, போட்டி நடந்த இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாரம்-3-ல் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குனர் கையெழுத்தும் சீலும் இருக்க வேண்டும். 4 வருடம் கழித்து வேலைக்கு மனு போடும்போது போய் கேட்டால், அதற்குள் கல்லூரி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி இருந்தாலும் இருக்கும்.