காய்ச்சல் விட்டாச்சு, கிரவுண்டுக்குப் போகலாமா?

மழைக்காலம் வந்தாலே நம்ம தர்மபுரி ஹாஸ்டல்களில் வைரல் காய்ச்சல்தான். காய்ச்சல் விட்ட மறுநாளே மேட்ச் ஆடக் கிளம்புற ஆளா நீங்க? அப்போ இதைப் படிங்க.

சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கும். அவற்றை எதிர்க்கும் நம் நோய் எதிர்ப்பு சக்தியும் சேர்ந்து அந்தத் தசையை வீங்க வைக்கும். இதுதான் மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி. கொரோனா, ஃப்ளூ மட்டுமில்ல, டெங்குவாலும் வரலாம். அபூர்வம்தான். ஆனால் அந்த நிலையில் ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, உயிரே போகலாம்.

பேயர்ன் மியூனிக் கால்பந்து வீரர் அல்போன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில், கொரோனாவுக்குப் பிறகு, லேசான அழற்சிதான். ஆனாலும் ஏப்ரலில்தான் களத்துக்குத் திரும்பினார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் வீரர் எட்வார்டோ ரோட்ரிகஸ் இதனால் 2020 சீசன் முழுக்க ஆடவில்லை. 2021-இல் மறுபடி வந்து பந்து வீசினார்.

அவங்களைத் தடுத்து நிறுத்த கிளப் டாக்டர் இருந்தார். நமக்கு நாமதான். காய்ச்சலுக்குப் பின் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், மாடி ஏறினாலே மூச்சு வாங்குறது — இதில் எது இருந்தாலும் விளையாட்டை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையில் ஆரம்பிப்பாங்க. அழற்சி உறுதியானால் வழக்கமாக 3 முதல் 6 மாதம் கடும் பயிற்சி கூடாது.

ஒண்ணும் இல்லைன்னாலும் முதல் நாளே ஸ்பிரிண்ட் வேண்டாம், நடையில் தொடங்குங்க. கோப்பை அடுத்த வருஷமும் வரும்!